அங்கோர் வாட் குழுப் பயணம்: அம்மா அப்பாவுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

உறையூர்வாசி:
வணக்கம். ஜனவரியில் அம்மா (63), அப்பா (69) இருவரும் ஒரு டூர் குழுவோடு கம்போடியா போகிறார்கள். அங்கோர் வாட் கோயிலுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் மூன்று இரவு. இருவருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம், நான் கூடப் போக முடியவில்லை. அப்பா இன்சுலின் போடுகிறவர். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். டூர்காரர்கள் தந்த தாளில் "வசதியான உடை, காலணி" என்று மட்டும் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்கழிக்கோலம்:
தம்பி, போன டிசம்பரில் என் அம்மாவை இதே மாதிரி ஒரு குழுவில் கூட்டிப்போனேன். அவருக்கு 72 வயது, அவருக்கும் முழங்கால்தான்.

முதலில் காலணி. பயணத்துக்கென்று புது ஷூ வாங்கி, கிளம்புகிற அன்றுதான் அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். அது என் தப்பு. அங்கோர் வாட்டில் அகழியைத் தாண்டி மேற்கு வாசலுக்குள் நுழைந்த பிறகும் கோயிலுக்குக் கல்பாதை சுமார் 350 மீட்டர். பாதி வழியிலேயே குதிகாலில் கொப்புளம். நீங்கள் இப்போதே வாங்கி, தினமும் அரை மணி நேரம் அதைப் போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பாகான் என்கிற மேல்தளம். படி ரொம்பச் செங்குத்து. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று நம் ஆட்கள் ஏறப் பார்ப்பார்கள். அம்மாவிடம் முன்பே பேசிவிடுங்கள், ஏற வேண்டாம். பார்க்க வேண்டியது கீழ்ச்சுற்றில் இருக்கிறது. கிழக்குப் பிராகாரத்தில் பாற்கடல் கடைகிற சிற்பம், நீளம் மட்டுமே கிட்டத்தட்ட 49 மீட்டர். 92 அசுரர்கள், 88 தேவர்கள், நடுவில் பெருமாள். மேற்கில் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும். குழு மேலே போய் வந்த நேரம் முழுக்க என் அம்மா வாசுகியின் உடலோடு சேர்ந்து நடந்தபடி, ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தார். வழிகாட்டி அந்த இடத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடப் பார்த்தார். அதனால் மேலே ஏறப்போவதில்லை என்று உங்கள் அம்மா முதல் நாள் இரவே வழிகாட்டியிடம் சொல்லி, திரும்பச் சேர வேண்டிய இடத்தையும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

அப்பா விஷயத்தில் ஒன்று முக்கியம். சூரிய உதயம் பார்க்க விடியற்காலை நாலரைக்கே கிளப்பிவிடுவார்கள். எங்களுக்குக் காலைச் சாப்பாடு கிடைக்க எட்டரை ஆகிவிட்டது. அன்றைக்கு ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், அதையும் சொல்லிக் கேளுங்கள். குளுக்கோஸும் பிஸ்கட்டும் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து வீணாகலாம். மருந்துச் சீட்டும் கூடவே.

உடை சுலபம்: தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும்.

தொக்குப்பிரியன்:
சைவம் பற்றி: அங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாஸ் ஊற்றுவார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாஸும் கூடாது என்று டூர்காரர்களுக்கு எழுத்தில் அனுப்புங்கள். தொக்கு, ஊறுகாயைப் பெட்டியில் வையுங்கள்; கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, கைப்பையில்தான்.

பணம் டாலராகவே செல்லும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல் (கம்போடியப் பணம்), சில்லறையை ரியலில் தருவார்கள். ஓரம் கிழிந்த, மை பட்ட நோட்டை வாங்க மாட்டார்கள். 1, 5 டாலர் நோட்டாகக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

உறையூர்வாசி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. நாலரை மணி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, டாக்டரிடம் நாளைக்கே போகிறோம். கோயில் டிக்கெட், விசா எல்லாம் டூர்காரர்கள் பார்த்துக்கொள்வார்களா?

மார்கழிக்கோலம்:
கேட்டு உறுதி செய்யுங்கள் தம்பி. அங்கோர் பாஸ் என்கிற கோயில் டிக்கெட் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. எங்கள் கட்டணத்தில் அது சேரவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பாஸில் அவரவர் புகைப்படம் இருக்கும், கோயிலுக்குக் கோயில் பார்ப்பார்கள், தொலைக்கக் கூடாது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இ-அரைவல் என்கிற ஆன்லைன் நுழைவுப் படிவத்தை, அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் கம்போடிய அரசின் தளத்தில் நீங்களே நிரப்பிவிடலாம், இலவசம். நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே பதிந்துவையுங்கள். என் அம்மா முதலில் கூச்சப்பட்டார், பாங்காக்கில் அந்த நீள நடையைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டார்.