ராசியான கேபிள், மாற்றக் கூடாத பேட்டரி: உங்களிடம் என்ன இருக்கிறது?

எங்கள் குழுவின் கிடாரிஸ்ட் கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் தன் ஃபஸ் பெடலில் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை யாரையும் தொட விடமாட்டான். பாதி தீர்ந்த பேட்டரிதான், ஆனால் அது உள்ளே இருந்தால்தான் நிகழ்ச்சி களைகட்டும் என்கிறான், யாரும் திறந்துவிடக் கூடாது என்று மூடிமேல் டேப் வேறு ஒட்டியிருக்கிறான். எனக்கும் ஒன்று உண்டு, பழைய சுருள் கேபிள். ஒரே ஒரு தடவை அதை விட்டுவிட்டு வேறு கேபிளோடு போனேன், இரண்டாவது பாட்டிலேயே சத்தம் விட்டு விட்டு வந்து அப்புறம் நின்றே போனது. அன்றிலிருந்து அது இல்லாமல் மேடை ஏறுவதில்லை. இதெல்லாம் வெறும் நம்பிக்கையா, உள்ளே ஏதாவது விஷயம் இருக்கிறதா?

கிடார் வாசிப்பவர்:
பேட்டரி விஷயத்தில் உங்கள் நண்பர் பக்கம்தான் நான். பேட்டரி தீரத் தீர வோல்டேஜ் இறங்கும், உள்தடை ஏறும், ஜெர்மேனியம் என்ற பழைய வகை டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ்ஸில் அது ஒலியின் முனையை மழுக்கி மிருதுவாக்கிவிடும். பேட்டரி வகை மாறினாலே தன் காதுக்குத் தெரியும் என்று அமெரிக்க கிடாரிஸ்ட் எரிக் ஜான்சன் சொன்னதைக் கிடாரிஸ்டுகள் இன்றும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள், அது செத்த பிறகு பவர் சப்ளையில் அதே வோல்டேஜை வைத்துக்கொள்ளலாம். எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே பெடலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், நடுப்பாட்டில் அணைந்துவிடும்.

பேஸ் வாசிப்பவர்:
மோடவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியக் கம்பி மாற்றவே மாட்டார். அவருடையது 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அழுக்கேறிய பழைய ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான இழை சுற்றிய, வழுவழுப்பான) கம்பியில் கீச்சொலி அடங்கி ஒரு கனமான ‘தும்’ வரும், அதைப் புதுக் கம்பியில் வாங்கவே முடியாது. என் பேஸை ஒருவர் நல்லெண்ணத்தில் துடைத்து வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஃபிடில் வாசிப்பவர்:
அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய ஃபிடில்காரர்கள் கிலுகிலுப்பைப் பாம்பின் வால்நுனியை ஃபிடிலுக்குள் போட்டு வைப்பார்கள். எலி வராது என்பார் ஒருவர், ஈரம் ஏறாது என்பார் இன்னொருவர், ஒலி இனிக்கும் என்பார் மூன்றாமவர். எனக்குப் பிடித்ததே இதுதான், காரணத்தில் ஒற்றுமை இல்லை, ஆனால் வாலை வெளியே எடுக்க மட்டும் யாருக்கும் மனசு வராது.

சவுண்ட் பார்ப்பவர்:
சுருள் கேபிள் நீளம் அதிகம், அதனால் கெபாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) அதிகம், கிடார் ஒலியின் கூர்மையை உண்மையிலேயே குறைக்கும். உங்கள் காது அதற்குப் பழகியிருக்கும். அந்த இன்னொரு கேபிளின் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள், சால்டர் விட்டிருக்கும். நான் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பைக் கடைசியில் போட்டு முதலில் அணைப்பதையும் சிலர் சடங்கு என்றே நினைக்கிறார்கள். மாற்றிச் செய்தால் ‘டம்’ என்று ஓர் அடி ஸ்பீக்கரில் விழும்.

கேட்டவர்:
பார்த்தேன், சால்டர்தான். பற்றவைத்துவிட்டேன், ஆனாலும் சனிக்கிழமை சுருள் கேபிள்தான் வருகிறது. பேட்டரி 7.9 காட்டியது. அளந்து முடிக்கும் வரை அவன் பக்கத்திலேயே நின்றான், அப்புறம் அதே டேப்பை அதே இடத்தில் அவனே ஒட்டிக்கொண்டான்.