போஸ்ட் ஒபிஸ் விசாரணையும் லோயர்மாருக்குப் போன காசும்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

தேம்ஸ்கரை
ஹொறைசன் என்ற கணினிக் கணக்கு காசு குறைகிறது என்று பிழையாகக் காட்ட, போஸ்ட் ஒபிஸ் தன் கிளைக் கடைக்காரரையே குற்றவாளியாக்கின கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், முழுக்கத் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நாள் மட்டும் மனதை விட்டுப் போகுதில்லை.

2023இல் ஓல்ட்விச் ஹவுசில் விசாரணை நடந்த நேரம். யாரும் போய் இருந்து பார்க்கலாம் என்றபடியால் போனேன். முன்வரிசை எல்லாம் லோயர்மார். விசாரணைக்கு ஒரு கூட்டம், போஸ்ட் ஒபிசுக்கு ஒரு கூட்டம், ஹொறைசனைச் செய்த புஜிட்சு கம்பனிக்கு, அரசாங்கத்துக்கு, பாதிக்கப்பட்ட சனத்துக்கு என்று தனித்தனியாக. அன்றைக்கு எடுத்த விஷயம், போஸ்ட் ஒபிஸ் கொடுக்கவேண்டிய ஆவணங்கள் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்பது. எந்தச் சொல்லைப் போட்டு ஈமெயில்களைத் தேடினார்கள், எதை விட்டார்கள் என்று மணிக்கணக்காகப் பேச்சு. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா வேல்சில் கடை வைத்திருந்தவர், விடிய ரெயின் பிடித்து வந்தவர். கொப்பி ஒன்றை மடியில் வைத்திருந்தார். தேநீர் இடைவேளையில் பார்த்தேன், திகதியை மட்டும் எழுதிவிட்டு மிச்சப் பக்கத்தை அப்படியே விட்டிருந்தார். "எங்களைப் பற்றி இன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லையே" என்றார். அந்த அறையில் காசு வாங்காமல் இருந்தது அவரும் என்னைப்போல் பார்க்க வந்த சிலரும்தான். போஸ்ட் ஒபிஸ் முழுக்க முழுக்க அரசாங்கத்தின் சொத்து. அப்போ மறைத்தவனின் லோயருக்கும் எங்கள் வரிக்காசு, தேடிப் பிடிப்பவனின் லோயருக்கும் எங்கள் வரிக்காசு. எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கடைக்கார மருமகன்
அண்ணை, நீங்கள் பார்த்தது விசாரணை. நான் பார்த்தது அதற்கு முந்தின வழக்கு. போஸ்ட் ஒபிஸ் மேல் சேர்ந்து வழக்குப் போட்ட 555 கடைக்காரரில் மாமாவின் சிநேகிதர் ஐயாவும் ஒருவர். 2019 டிசம்பரில் 57.75 மில்லியன் பவுணுக்கு இணக்கம் வந்தது என்று செய்தியில் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அதில் 46 மில்லியன் அளவு லோயர்மாருக்கும் வழக்குக்குக் காசு போட்டவர்களுக்கும் போய்விட்டது. மிச்சத்தைப் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 20,000.

கடிதம் வந்த அன்று அந்த ஐயா என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவருக்கு இங்கிலிஷ் நல்லா வரும், இருந்தும் என்னிடம் தந்தார். நான் தொகையைச் சொன்னேன். "ஒரு சைபர் விட்டுப்போச்சோ தம்பி, நல்லாப் பார்" என்றார். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பவும் பார்த்தேன். இல்லை ஐயா, இவ்வளவுதான் என்றேன். கணக்கில் குறைகிறது என்று தன் கையிலிருந்து அவர் கட்டின காசே அதைவிடக் கூட.

கோப்புப்புழு
நான் சென்னையிலிருந்து வந்தவள், இங்கே சட்ட அலுவலகங்களில் உதவியாளர் வேலை. வேறொரு அரசு விசாரணைக்கு ஆவணம் படிக்கும் வேலையில் இருந்தேன். ஒரே ஈமெயில் வெவ்வேறு பேருடைய பெட்டிகளிலிருந்து திரும்பத் திரும்ப என் திரையில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் திறந்து, படித்து, குறியிட்டு மூட வேண்டும். அடுத்தநாள் அதே ஈமெயில், கீழே "நன்றி" என்ற ஒரு பதில் மட்டும் கூடுதலாக. அந்த ஒரு வரிக்கும் மணிக்கணக்கில் பில் ஏறியது. என் சம்பளம் அந்தக் கட்டணத்தில் ஒரு துணுக்கு.

ஆனால் வக்கீல்களை மொத்தமாகத் திட்டுவது சரியில்லை. விசாரணையில் பாதிக்கப்பட்டவர்களின் வக்கீலுக்கு 2005ஆம் ஆண்டு விசாரணைச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி விசாரணையே பணம் கொடுக்கலாம். அதற்கு மணிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு, ஒவ்வொரு பில்லையும் பரிசோதிப்பார்கள். எதிர்ப்பக்க நிறுவனம் தன் வக்கீலுக்குக் கொடுப்பதற்கு அந்த வரம்பு கிடையாது. 2019 மார்ச்சில் அந்த 555 பேரின் வழக்கு நடுவில், நீதிபதியையே மாற்றச் சொல்லி போஸ்ட் ஒபிஸ் மனுப்போட்டுத் தோற்றது. அந்த மனுவுக்கு ஆன செலவு யார் பணம்? கோபத்தை அங்கே வையுங்கள்.

டெர்ரிவாசி
மருமகன் தம்பி சொன்னது நீதிமன்ற வழக்கு, தலைப்பு விசாரணைக் கமிஷன். இரண்டையும் குழப்பாதீர்கள். கோப்புப்புழு சொல்வதில் பாதி சரி.

நான் வட அயர்லாந்தில் டெர்ரியில் வேலை பார்த்தவன். 1972 ஜனவரி 30இல் அங்கே ஊர்வலம் போனவர்களை இராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே செத்தார்கள், பிறகு இன்னொருவர். அதை ஆராய்ந்த சவில் விசாரணை 1998இல் அறிவிக்கப்பட்டு 2010 ஜூன் 15இல்தான் அறிக்கை வந்தது. ஏறத்தாழ 195 மில்லியன் பவுண், அதில் பாதி அளவு சட்டச் செலவு. நானும் உங்களைப்போலத்தான் வீட்டுக்கார அம்மாவிடம் கொதித்தேன். அவர் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை டொக் என்று வைத்துவிட்டுத் திரும்பினார். "1972இல் மலிவாக ஒன்று நடத்தினார்களே, சில வாரங்களில் முடித்து, சுட்டவர்களை விட்டுவிட்டுச் செத்தவர்கள் மேல் சந்தேகத்தைப் போட்டார்களே, அது வேண்டுமா உனக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. காசு கூட என்பதும் உண்மை, அந்த அம்மா சொன்னதும் உண்மை.

தேம்ஸ்கரை
டெர்ரிவாசி, மலிவாக நடத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஆவணத்தை முதல்நாளே கொடுத்திருந்தால் அந்த அமர்வே தேவையில்லை. இழுத்தடித்தவனிடம் அந்த நாளின் செலவை அறவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஈஸ்ற்ஹாம் அக்கா
என் தங்கச்சியின் விசா விஷயத்தில் ஒரு லோயர் சொன்னதைவிட இரட்டிப்புக்கு பில் அனுப்பினார். கதை அவ்வளவுதான். எல்லாரும் கவனமாகக் கேளுங்கோ. கையெழுத்துப் போட முன்னம் மொத்தச் செலவு எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்குங்கோ, அதைத் தருவது அவர்கள் கடமை. மணிக்கணக்கு என்றால், இந்தத் தொகையைத் தாண்ட முன்னம் என்னிடம் கேட்கவேண்டும் என்று ஈமெயில் போடுங்கோ. போனில் சொன்னதை நம்பாதேங்கோ. பில் வந்தால் எந்த நாள், யார், என்ன வேலை என்று விபரம் கேளுங்கோ. பிடிக்கவில்லை என்றால் முதலில் அந்த அலுவலகத்துக்கே முறைப்பாடு எழுதவேண்டும். எட்டுக் கிழமைக்குள் சரிவராவிட்டால் லோயர்மார் மேல் வரும் முறைப்பாடுகளைப் பார்க்கிற லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், காசில்லை. கோர்ட்டில் பில்லைச் சரிபார்க்கவும் கேட்கலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் கேட்டால்தான் அது உரிமை, பிந்தினால் சிக்கல். வென்றால் மட்டும் காசு என்கிறவர்களிடம், தோற்றால் மற்றப் பக்கத்தின் செலவை யார் கட்டுவது என்று கட்டாயம் கேளுங்கோ. அப்புறம் கடித உறைகளையும் எறியவேண்டாம், முத்திரைத் திகதி உதவும்.

கடைக்கார மருமகன்
அக்கா, நல்ல விஷயம்தான். ஆனால் ஐயா இனி எந்த லோயரின் வாசலுக்கும் போகமாட்டார். 555 பேரில் குற்றத்தீர்ப்பு இல்லாதவர்களுக்கு அரசாங்கம் பிறகு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 75,000 பவுணை எடுத்துக்கொண்டு முடிக்கலாம், இல்லாவிட்டால் முழு இழப்பையும் கணக்குக் காட்டிக் கேட்கலாம். கணக்குக் காட்டினால் கூட வரும், சட்டச் செலவையும் அவர்களே தருவார்கள் என்று எவ்வளவோ சொன்னோம். "திரும்ப அவங்கள் கடிதம் எழுத, இவங்கள் பதில் எழுத, ஆருக்குத் தம்பி அது?" என்று சொல்லி 75,000ஐ எடுத்தார்.

புதுமுகம்_குரொய்டன்
அண்ணா, எங்கள் சித்தி 555இல் இல்லை. கணக்கில் குறைகிறது என்ற காசைக் கையிலிருந்து கட்டினவர், வழக்குக்குப் போகாதவர். அப்படி வழக்குக்குப் போகாதவர்களுக்கான வேறு திட்டத்தில் முதலில் லோயருக்கென்று ஒழுங்கான உதவியே இல்லாமல் தனியாகப் படிவம் நிரப்பினவர். 2025 ஜூலையில் வந்த போஸ்ட் ஒபிஸ் விசாரணை அறிக்கையில், அப்படியானவர்களுக்கும் இலவச சட்ட ஆலோசனை கொடுக்கவேண்டும் என்று விசாரணைத் தலைவர் சேர் வின் வில்லியம்ஸ் எழுதியிருக்கிறார். உங்கள் ஐயா படிவத்தோடு என்னென்ன பழைய கணக்குத் தாள்கள் வைத்தார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? சித்தியிடம் வங்கிப் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது.