நடு இடம் யாருடையது? காசு லேனுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் பதில் சொல்லவும்

மண்டபம் மீன்வண்டி:
பாம்பன் ரோட்டு நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் தொண்டிக்காரர் ஒருவர் வந்து பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறார். கலிபோர்னியாவில் 91-ஆம் எண் நெடுஞ்சாலையின் நடுவில் காசு கட்டிப் போகும் விரைவு லேன் போட்டார்களாம். நெரிசல் தீர்ந்ததாம். காசு கட்டாதவனுக்கும் அதில் லாபமாம். அதனால் இராமநாதபுரம், இராமேஸ்வரம் ரோட்டை அகலப்படுத்தும்போது நடுவில் ரெண்டு லேனைக் காசு லேனாக விட வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: "யார் லேனையும் பிடுங்கவில்லை, புதிதாகச் சேர்த்ததுதான்."

அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1995 டிசம்பரில் திறந்த அந்த லேன்கள், போக ரெண்டு, வர ரெண்டு, பத்து மைல் நீளம், எங்கே போட்டார்கள்? ரோட்டின் நடுவில் கிடந்த இடத்தில். அந்த நடு இடம் யாருடையது? மாநில அரசுடையது. அதாவது அந்த ஊர் சனங்களுடையது. ஊர் இடத்தைத் தனியார் கம்பெனி கையில் கொடுத்து, ஊர்க்காரனிடமே காசு வாங்கினால் அதற்குப் பெயர் சேர்த்ததா? தொண்டிக்காரர் பதில் சொல்லட்டும்.

தொண்டி டு கலிபோர்னியா:
மீன்வண்டி அண்ணே, நான் குடியிருப்பது கொரோனா என்ற ஊர். 91 எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை நான் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். அன்றைக்கு அரசிடம் ரோடு போடப் பணம் இல்லை. 1989-இல் சட்டம் கொண்டுவந்து தனியாரை உள்ளே விட்டார்கள். கம்பெனி சுமார் 13 கோடி டாலர் போட்டுக் கட்டியது. பழைய இலவச லேன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நடு இடம் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த இடத்தில் ரோடு வந்தால் அது சேர்த்ததுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த லேனில் நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும். கூட்டம் அதிகமான நேரத்தில் கூடும், மற்ற நேரத்தில் குறையும். லேன் அடைத்துக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. காரில் மூன்று பேர் இருந்தால் காசே கிடையாது. வார நாட்களில் சாயங்காலம் 4 முதல் 6 வரை கிழக்கே போகிறவர்கள் மட்டும் பாதி கட்ட வேண்டும்.

மண்டபம் மீன்வண்டி:
சும்மா கிடந்தாலும் யாருடையது? அதைத்தானே கேட்டேன். எங்கள் ஊரில் கடற்கரையில் வலை காயப்போடும் இடமும் வருசத்தில் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. அதற்காக எவனும் வேலி போட்டுவிட முடியுமா?

கம்பெனி காசு போட்டுக் கட்டியது என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அந்த ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ரெண்டு பக்கமும் ஒன்றரை மைலுக்குள் அரசு ரோட்டை விரிக்கக் கூடாது, 2030 வரை. பக்கத்தில் இலவச ரோடு நன்றாக இருந்தால் காசு லேனுக்கு எவன் வருவான் என்ற பயம். 1999-இல் அரசு ஒரு இடத்தில் கூடுதல் லேன் போடப் பார்த்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போய்விட்டது. கடைசியில் 2003-இல் ஆரஞ்சு கவுண்டி என்ற அந்த மாவட்டத்தின் அரசுப் போக்குவரத்து அமைப்பு 20 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து மொத்தத்தையும் வாங்க வேண்டியதாயிற்று. தன் இடத்தில் போட்ட ரோட்டைத் தானே காசு கொடுத்து மீட்டான். இப்போது சொல்லுங்கள், நடு இடம் யாருடையது?

கீழக்கரை காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் 2007-லிருந்து சாலிக் என்ற ரோட்டுக் கட்டணம் இருக்கிறது. முதலில் கர்ஹூத் பாலத்திலும் ஷேக் சாயித் ரோட்டில் பர்ஷாவிலும் வைத்தார்கள். ஒரு தடவை தாண்டினால் 4 திர்ஹம். 2025 ஜனவரி 31-லிருந்து கூட்ட நேரத்தில் 6 திர்ஹம், இரவு 1 மணியிலிருந்து காலை 6 வரை இலவசம். வண்டி நிற்பதே கிடையாது, கண்ணாடியில் ஒட்டின ஸ்டிக்கரிலிருந்து தானாகக் கழிந்துவிடும். எங்களில் யாரும் செத்துப்போகவில்லை. நெரிசலுக்கு விலை வைத்தால்தான் குறையும். மண்டபத்துக்காரர்களுக்கு எது வந்தாலும் எதிர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபம் மீன்வண்டி:
காக்கா, சாலிக்கில் காசு கட்டாத லேன் பக்கத்திலேயே ஓடுகிறதா? எல்லா லேனுக்கும் சேர்த்துத்தானே கேட்? பேசுவது ஒன்று, நீங்கள் கொண்டுவருவது ஒன்று. மண்டபத்தை இழுத்தது எதற்கு? பழைய பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், பேச்சில் பதில் இல்லாமல் ஊரை இழுத்தீர்கள்.

கீழக்கரை காக்கா:
1914-இல் கட்டிய பாலம், 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுசு திறந்தாயிற்று. பழசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு நீங்கள் என்னை ஊரில் இல்லாதவன் என்றீர்கள். நான் மறக்கவில்லை. வருசா வருசம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு ஊர் ரோட்டைப் பற்றிப் பேச உரிமை இல்லையா?

உச்சிப்புளி வாத்தியார்:
ரெண்டு பேரும் பாலத்தை விட்டுவிட்டு ரோட்டுக்கு வாருங்கள். தொண்டித் தம்பி 91-ஐ மட்டும் காட்டுகிறார். லாஸ் ஏஞ்சலஸில் 110-ஆம் எண் சாலையில் 2012 நவம்பரில் என்ன செய்தார்கள்? ஏற்கெனவே இருந்த, ஒரே காரில் கூட்டாகப் பயணம் செய்கிறவர்களுக்கான லேனைக் காசு லேனாக மாற்றினார்கள். அங்கே புது லேன் எங்கே வந்தது? ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை 2008-இல் விரித்து முடித்தார்கள். பக்கவாட்டுச் சாலைகளையும் சேர்த்தால் அகலமான இடத்தில் 26 லேன். நடுவில் காசு லேனும் உண்டு. அப்படியும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் பயண நேரம் காலையில் 30 சதவீதம், மாலையில் 55 சதவீதம் கூடியது. ரோட்டை விரித்தால் வண்டியும் விரியும். நம் ஊரில் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தொண்டி டு கலிபோர்னியா:
வாத்தியாரே, கேட்டியில் நெரிசல் கூடியது இலவச லேன்களில். காசு லேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குச் சாட்சி. விலை இல்லாத இடம் அடைக்கிறது, விலை உள்ள இடம் ஓடுகிறது.

மண்டபம் மீன்வண்டி:
வாத்தியார் சொன்ன 110-ஐ ஏன் தாண்டிக் குதிக்கிறீர்கள்? அங்கே இருந்த லேனையே மாற்றினார்கள். முதலில் நடு இடம், அப்புறம் கூட்டாகப் போகிறவன் லேன், நாளைக்கு எது? "யார் லேனையும் பிடுங்கவில்லை" என்று எழுதியது நீங்கள்தானே? அதை நீக்குங்கள்.

தொண்டி டு கலிபோர்னியா:
நான் எழுதியது 91-ஐப் பற்றி. 91-இல் பிடுங்கவில்லை. நீக்க மாட்டேன்.

மண்டபம் மீன்வண்டி:
நடு இடம்?

தங்கச்சிமடம் அக்கா:
நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எல்லோரும் கார் வைத்திருக்கிறவர்கள் மாதிரியே பேசுகிறீர்கள். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகிறவர்களைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நெரிசலுக்கு லேன் குறைவு மட்டுமா காரணம்? வெளியூர் வண்டி ஒவ்வொன்றும் பாலத்து நடுவில் ஓரங்கட்டும். கதவைத் திறந்து நாலு பேர் இறங்குவார்கள், ஒருவர் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை ஏற்றி உட்கார வைப்பார், ரயில் வரும் வரைக்கும் நின்று படம் பிடிப்பார்கள். பின்னால் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நிற்கும். இதற்கு எந்த லேன் போட்டாலும் தீராது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கேட்கவே வேண்டாம். காசு லேன் போட்டால் அதில் பஸ் இலவசமாகப் போகுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தொண்டி டு கலிபோர்னியா:
நல்ல கேள்வி அக்கா. கேட்டியில் பஸ்கள் அந்த நடு லேனில்தான் போகின்றன. பஸ் நெரிசலில் மாட்டாமல் போகிறது. இங்கேயும் அப்படி விதி வைக்கலாம்.

மண்டபம் மீன்வண்டி:
"வைக்கலாம்" என்கிறார். வைப்பார்கள் என்று சொல்லவில்லை, கவனியுங்கள் அக்கா.

நான் வண்டி ஓட்டுகிறவன், அதனால் சொல்கிறேன். விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் மீன் இறங்கும். ஏலம் முடிந்து பெட்டியில் ஐஸ் அடித்து ஏற்றி மதுரைக்கு விடுகிறோம். போகிற வழியில் ஒரு டோல்கேட்டில் பாஸ்டேக் மெஷின் வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பின் கதவுக்குக் கீழே ஐஸ் தண்ணீர் ஒழுகி ரோட்டில் ஓடுகிறது. முதலில் வெள்ளைத் தண்ணீர், அப்புறம் சிவப்பு கலந்த தண்ணீர். அந்த நிறம் மாறினால் மீன் விலை விழுந்துவிட்டது என்று அர்த்தம். நான் இறங்கிப் போய்க் கேட்டால், பையன் கையால் ஸ்கேன் செய்கிற மெஷினைத் தேடிக்கொண்டிருக்கிறான். காசு கட்டினால் வேகம் என்று சொல்கிறவர்கள் அந்தக் கேட்டில் வந்து நிற்கட்டும். காசும் கட்டினேன், நின்றும் கிடந்தேன்.

தொண்டி டு கலிபோர்னியா:
அண்ணே, அதைத்தான் நானும் சொல்கிறேன்! நீங்கள்தான் காசு லேனுக்கு முதல் ஆளாகக் கொடி பிடிக்க வேண்டும். 91-இல் கேட்டே கிடையாது, நிறுத்தமே கிடையாது. மீன் வண்டிக்கு ஒரு மணி நேரம் என்றால் எவ்வளவு காசு என்று உங்களுக்குத் தெரியாததா?

இன்னும் ஒன்று. பரமக்குடி முதல் இராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை 1,853 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அது முடிந்தால் எப்படியும் டோல் வரும், நான்கு லேனுக்கும் சேர்த்து வரும். கட்டாமல் போக வழி இருக்காது. நான் கேட்பது, ஒரு பகுதிக்கு மட்டும் காசு, மற்றது இலவசம். எது நல்லது உங்களுக்கு?

மண்டபம் மீன்வண்டி:
ரெண்டு தப்பில் எது சின்னத் தப்பு என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. ரோடு விரிக்க இடம் யார் கொடுக்கிறார்கள்? உச்சிப்புளியில் வீட்டு முன்திண்ணையை இடித்துக் கொடுக்கிறவன் கொடுக்கிறான். தென்னையை வெட்டிக் கொடுக்கிறவன் கொடுக்கிறான். கொடுத்தவன் ஓரத்து லேனில் ஊர்ந்து போக, சென்னையிலிருந்து சொகுசு காரில் வருகிறவன் நடுவில் பறக்க வேண்டும். அமெரிக்காவிலேயே இதற்குப் பணக்காரன் லேன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தொண்டி டு கலிபோர்னியா:
பெயர் வைத்தவர்கள் அந்த ரோட்டில் நின்று பார்க்காதவர்கள். பிள்ளையைக் காப்பகத்திலிருந்து கூப்பிட நேரமாகிவிட்டதே என்று அவசரப்படுகிற கூலிக்காரரும் அந்த லேனில் வருகிறார். தினமும் வரமாட்டார். அவசரமான நாளில் வருவார். அந்த வழி அவருக்கு வேண்டாமா?

உச்சிப்புளி வாத்தியார்:
வாஷிங்டன் பக்கத்தில் 66-ஆம் எண் சாலையில் 2017 டிசம்பரில் காசு லேன் தொடங்கிய அதே வாரத்தில் கட்டணம் 40 டாலரைத் தொட்டது. கூலிக்காரர் அவசரத்துக்கு 40 டாலர் கட்டுவாரா தம்பி?

தொண்டி டு கலிபோர்னியா:
66-இல் கூட்ட நேரத்தில் எல்லா லேனும் காசு லேன். அது வேறு ஏற்பாடு.

மண்டபம் மீன்வண்டி:
காக்கா சாலிக்கைக் கொண்டுவந்தபோது நான் இதையேதான் சொன்னேன், அப்போது நீங்கள் வாய் திறக்கவில்லை. உங்கள் பக்கத்து ஆள் தப்பாகச் சொன்னால் விட்டுவிடுவீர்கள், வாத்தியார் சொன்னால் பிடித்துக்கொள்வீர்கள்.

கீழக்கரை காக்கா:
நான் யார் பக்கத்து ஆளும் இல்லை. எனக்கு ஊருக்கு வந்தால் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற நேரம் குறைய வேண்டும். மண்டபத்து நண்டு விலையை ஏற்றிவிட்டு ரோட்டைக் குறை சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை.

மண்டபம் மீன்வண்டி:
நண்டு விலையை நானா ஏற்றினேன்? கம்பெனிக்காரன் வந்து பெரிய நண்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறான். உங்கள் தம்பி எடுத்த நண்டு எனக்குத் தெரியும், போன ரம்சானுக்கு என்னிடம்தான் வாங்கினார், பாதி காசு இன்னும் நிற்கிறது. அதைப் பொதுவில் பேச வைக்காதீர்கள்.

கீழக்கரை காக்கா:
இதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? தம்பியிடம் இப்போதே கேட்கிறேன். பொய்யாக இருந்தால் உங்களை விடமாட்டேன்.

தங்கச்சிமடம் அக்கா:
பஸ்ஸுக்கு என்ன வழி என்று கேட்டேன். நண்டுக்குப் போய்விட்டார்கள்.

உச்சிப்புளி வாத்தியார்:
அக்கா கேட்டதில் நியாயம் இருக்கிறது. சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் வருசக்கணக்காக டோல் வாங்கினார்கள். நெரிசல் குறைந்ததா? மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு 2021 ஆகஸ்ட் 30 முதல் நான்கு டோல்கேட்டை நிறுத்தினார்கள். காசு வாங்கியபோதும் நெரிசல், நிறுத்தியபோதும் நெரிசல். பஸ்ஸும் ரயிலும் கூடினால்தான் குறையும்.

தொண்டி டு கலிபோர்னியா:
அது ஒரே விலை டோல். காலை 9 மணிக்கும் நள்ளிரவுக்கும் ஒரே காசு. நான் சொல்வது நேரத்துக்கு ஏற்ற விலை. எத்தனை தடவை சொல்வது?

மண்டபம் மீன்வண்டி:
எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள், நானும் அத்தனை தடவை கேட்பேன். 2017-இல் உங்கள் ஊர் வரைக்கும் அந்த லேனை நீட்டினார்களே, திறந்த பிறகு கொரோனாவில் இலவச லேன் இன்னும் மோசமாகிவிட்டது என்று உங்கள் ஊர்க்காரர்களே கத்தினார்களா இல்லையா? தினமும் ஓட்டுகிறீர்களே, சொல்லுங்கள்.

தொண்டி டு கலிபோர்னியா:
ஆரம்பத்தில் இருந்தது. நுழைகிற இடம், பிரிகிற இடம் பழகாததால். ஆனால் லேன் சேர்த்ததுதான்.

மண்டபம் மீன்வண்டி:
எங்கே சேர்த்தது?

தொண்டி டு கலிபோர்னியா:
நடுவில்.

மண்டபம் மீன்வண்டி:
நடு இடம் யாருடையது?

கீழக்கரை காக்கா:
தம்பியிடம் பேசிவிட்டேன். நண்டுக்கு முழுக் காசும் கொடுத்தாயிற்று என்கிறான். மீன்வண்டிக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மண்டபம் மீன்வண்டி:
தம்பியை இங்கே வரச் சொல்லுங்கள். தொண்டிக்காரரும் போய்விடாதீர்கள், உங்களிடம் கேட்டது நிற்கிறது.