டென்னிஸ் ரசிகர்கள் திரி. செக் வீராங்கனை யானா நொவோத்னா: இன்னும் மனசை விட்டுப் போகாத அந்த ஒரு தருணம் எது?

மூணாவது_செட்

4-1, 40-30. இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல, ஆனாலும் சொல்றேன். 1993 விம்பிள்டன் இறுதி, மூணாவது செட், நொவோத்னா சர்வ். அந்த பாயிண்ட் கிடைச்சா 5-1. எதிர்ல ஸ்டெஃபி கிராஃப், முந்தின செட்டை 1-6னு விட்டுட்டு நிக்கிறார். முதல் சர்வ் போச்சு. ரெண்டாவது சர்வை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்க. மயிரிழையில தவறல; கட்டத்தைத் தாண்டி நல்லாவே வெளிய போய் விழுது. அப்புறம் ஒரு வாலி (பந்து தரையில படுறதுக்கு முன்னயே அடிக்கிறது) போச்சு, ஒரு ஸ்மாஷ் போச்சு, 4-2. 4-3ல மறுபடி அவங்க சர்வ், அந்த ஒரு கேம்லயே மூணு டபுள் ஃபால்ட் (ரெண்டு சர்வும் தவறி பாயிண்ட் போறது). கிராஃப் வரிசையா அஞ்சு கேம் எடுத்து 7-6, 1-6, 6-4னு முடிச்சுட்டார். வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழி உடைஞ்ச கதை.

பரிசளிப்புல கென்ட் சீமாட்டி தோள்ல சாய்ஞ்சு அழுத படம்தான் உலகத்துக்கே ஞாபகம். எனக்கு அந்த ரெண்டாவது சர்வ்.

வலையோரம்

தாழி உடையவில்லை ஐயா. அந்த சர்வைப் பதற்றம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதுதான் முப்பது வருடமாக நடக்கிறது.

அவர் ஆடிய முறையைப் பாருங்கள். முதல் சர்வுக்குப் பின்னால் மட்டுமல்ல, இரண்டாவது சர்வுக்குப் பின்னாலும் வலைக்கு ஓடி வருகிறவர். பேஸ்லைனிலிருந்து, அதாவது களத்தின் பின்கோட்டிலிருந்து, வலை 11.89 மீட்டர். சர்வ் அடித்து இடது காலில் உள்ளே இறங்கி, மூன்று நான்கு எட்டு வைத்து, சர்வீஸ் கோட்டருகே எதிராளி அடிக்கும் நொடியில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். அந்த இடத்திலிருந்து வலைக்கு இன்னும் 6.40 மீட்டர் இருக்கிறது. சர்வ் மெதுவாகவோ குட்டையாகவோ விழுந்தால் கிராஃப் என்ன செய்வார்? பேக்ஹேண்ட் பக்கம் வந்த பந்தையும் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டால் சாத்துவார். பந்து நொவோத்னாவின் ஷூ லேஸுக்கு வரும். கீழிருந்து தூக்கித்தான் வாலி அடிக்க முடியும், தூக்கினால் அடுத்த அடியில் பாயிண்ட் காலி. ஆகவே இரண்டாவது சர்விலும் ஆழமும் வேகமும் வேண்டும். கால் இறுதியில் சபாதினியை 6-4, 6-3, அரை இறுதியில் நவ்ரத்திலோவாவை 6-4, 6-4 என்று வீழ்த்தியது இதே ஆட்டம்தான். 4-1 வந்ததும் இதே துணிச்சலால்தான். அந்த இடத்தில் மட்டும் பாதுகாப்பாக ஆடு என்றால் அவரிடம் அப்படி ஒரு கியரே கிடையாது.

டபுள் ஃபால்ட்டை நான் மன்னிப்பேன். அதற்குப் பின் வந்த ஸ்மாஷை மன்னிக்க முடியாது. அதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

செம்மண்

வலையோரம் சொல்வது புல்தரைக்குப் பொருந்தும். 1995 பாரிஸுக்கு என்ன பதில்?

பிரெஞ்சு ஓபன் மூன்றாம் சுற்று, ஷாண்டா ரூபின். கடைசி செட்டில் நொவோத்னா 5-0. ரூபின் சர்வ், 0-40. ஒரே ஒரு பாயிண்ட் போதும். ஒன்பது மேட்ச் பாயிண்ட் கைநழுவி, 7-6, 4-6, 8-6 என்று ரூபின் வென்றார். அந்த 0-40இல் சர்வ் போட்டது ரூபின். டபுள் ஃபால்ட் மேல் பழி போட வழியே இல்லை. செம்மண்ணில் பந்து மெதுவாக எழுகிறது, புல்லில் செத்து விழும் வாலி இங்கே இடுப்பளவு உயர்ந்து எதிராளிக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறது. ஒரு பாயிண்டை முடிக்க மூன்று வாலி தேவைப்படும். முன்னிலையில் இருப்பவருக்கு அந்த மூன்றாவது வாலிதான் கனக்கும். தோல்வியை ஒப்புக்கொண்டவருக்கோ கை லேசாகிவிடும், எதை அடித்தாலும் உள்ளே விழும்.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1991 ஆஸ்திரேலிய ஓபன் கால் இறுதியில் இதே கிராஃபை 5-7, 6-4, 8-6 என்று வென்றவரும் இவர்தான். நரம்பு பலமில்லாதவர் கிராஃபிடம் மூன்றாவது செட்டை 8-6 எடுக்க முடியாது. அந்த முறை இறுதிவரை போய், முதல் செட்டை 7-5 எடுத்தபின் மோனிகா செலஸிடம் தோற்றார்.

பேஸ்லைன்வாசி

அந்த ரெண்டாவது சர்வ் நீளமா போனதுதான் விஷயம், வலையில விழல. அதுலயே காரணம் இருக்கு. ஆட்டத்தைப் பத்தி அவ்வளவுதான். மத்தபடி கிளப்ல ஆடுறவங்க இதைக் கவனிங்க.

பேஸ்லைன்ல இருந்து சர்வீஸ் கோடு வரைக்கும் 18 மீட்டர் சொச்சம். நடுவுல வலை 91 செ.மீ. வேகமா அடிச்ச பந்து கட்டத்துக்குள்ள இறங்கணும்னா முன்சுழற்சிதான் அதைக் கீழ இழுக்கணும். பயம் வந்தா ரெண்டு விதமா கெடும். ஒண்ணு, கை வேகம் குறையும், தலை சீக்கிரம் கவிழும்: பந்து வலையில. ரெண்டு, கை வேகம் அப்படியே இருக்கும், ஆனா மணிக்கட்டு இறுகி, பந்தைக் கீழிருந்து மேல வருடாம தட்டையா தட்டிடும்: பந்து நீளமா போகும். ரெண்டாவது வகை துணிச்சல்காரங்களுக்கு வர்ற வியாதி.

சரி செய்ய: பிடி கான்டினென்டல், அதாவது சுத்தியல் பிடிக்கிற மாதிரி, சுண்டுவிரலைத் தளர்த்தி வையுங்க. வலக்கையர்னா டாஸ், அதாவது பந்தை மேல எறியிறது, தலைக்கு நேர் மேல, கொஞ்சம் இடப்பக்கம். முன்னால போட்டா வருட முடியாது. முழங்காலை மடக்குங்க, பதற்றத்துல முதல்ல மறந்து போறது இதுதான். இடக்கையை உடனே இறக்காதீங்க, அது இறங்கினா தோளும் இறங்கும். வலைக்கு மேல முக்கால் மீட்டர் உயரத்துல பந்து போகட்டும். கையை மெதுவாக்காதீங்க; வேகமா வீசி, அந்த வேகத்தை சுழற்சியில செலவு பண்ணுங்க. பயிற்சிக்கு, முதல் சர்வே இல்லாம ஒரு கூடைப் பந்தை எடுத்து தொடர்ந்து 20 ரெண்டாவது சர்வ். ஒண்ணு தவறினா திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும். 17, 18 வரும்போது கை கனக்கும் பாருங்க, அதுதான் 40-30.

இரட்டையர்_பக்தன்

யார் சார் கேட்டா சர்வ் பாடம்? இது நொவோத்னா திரி.

எல்லாரும் ஒற்றையரையே பேசுறீங்க. இரட்டையர்ல கிராண்ட் ஸ்லாம் 12, கலப்பு இரட்டையர்ல 4. ஒற்றையர் பட்டம் 24, இரட்டையர் 76. கலப்புல நாலும் ஜிம் பியூ கூட. 1990ல ஹெலனா சுகோவா கூட ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன் மூணும் வாங்கிட்டு, நியூயார்க் இறுதியில மட்டும் நவ்ரத்திலோவா, ஜிஜி ஃபெர்னாண்டஸ் ஜோடிகிட்ட விட்டாங்க. ஒரு ஆட்டம் ஜெயிச்சிருந்தா அந்த வருஷம் நாலும்.

கோழைன்னா இதெல்லாம் எப்படி வரும்? இரட்டையர்ல சர்வ் போடுறவருக்குப் பாதிக் களம்தான் பொறுப்பு. வலையில கூட்டாளி நிக்கிறதால எதிராளி ரிட்டர்னை குறுக்காதான் அடிச்சாகணும், பந்து எங்க வரும்னு முன்னாடியே தெரியும். சுகோவா 1.88 மீட்டர் உயரம், நடுவுல ஓங்கிப் போற எதையும் பறிச்சிடுவார். முக்கா வேகத்துல உடம்புக்கு நேரா சர்வ் போட்டாலே போதும். நொவோத்னா கைக்கு அந்த முக்கா வேகம் தெரியும். ஒற்றையர்ல அதைப் பயன்படுத்த வழியில்லாம போச்சு. அந்த வகையில வலையோரம் கட்சிதான் நான்.

மனசுல நிக்கிறது 1998 விம்பிள்டன். அரை இறுதியில மார்ட்டினா ஹிங்கிஸை 6-4, 6-4னு வீட்டுக்கு அனுப்புறார். அதே ஹிங்கிஸ் கூட சேர்ந்து டேவன்போர்ட், ஸ்வெரேவா ஜோடியை இறுதியில அடிச்சு இரட்டையர் கோப்பை. அந்த அரை இறுதி முடிஞ்சு வலையில கை குலுக்குற நொடி: தோத்தவங்களும் ஜெயிச்சவங்களும் அடுத்து ஒரே பக்கம் நிக்கணும்.

மூணாவது_செட்

கோழைன்னு நான் எங்க சொன்னேன்?

1997 இறுதியை யாருமே தொடலயே. ஹிங்கிஸுக்கு 16 வயசு. முதல் செட் 6-2 நொவோத்னா. மூணாவது செட்ல 2-0 முன்னிலை. 2-6, 6-3, 6-3. வயித்துத் தசைப்பிடிப்போட ஆடினாங்க. சர்வ் போடுறவங்களுக்கு அங்க வலிச்சா உடம்பை முறுக்கவே முடியாது.

ஸ்லைஸ்_ராணி

எனக்கு 1998 இறுதி. நத்தாலி தோசியா, 16ஆம் தரநிலை. 6-4, 7-6. 6-6க்குப் பின் வரும் டை பிரேக் 7-2. அப்போது நொவோத்னாவுக்கு 29 வயது 9 மாதம். ஓபன் காலத்தில் (1968 முதல்) தன் முதல் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாமை அந்த வயதில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் வென்றதில்லை. கால் இறுதியில் வீனஸ் வில்லியம்ஸ் 7-5, 7-6.

சர்வைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த ஒற்றைக் கை ஸ்லைஸ் பேக்ஹேண்டை விட்டுவிட்டீர்கள். ராக்கெட் முகத்தைச் சற்றே திறந்து, தோளுயரத்திலிருந்து முன்னோக்கிக் கீழே வெட்டுவது. முன் காலில் எடை போய்க்கொண்டே இருக்க வேண்டும். அடித்த அதே நடையில் வலைக்குப் போய்விடலாம். வெறுமனே கீழ்நோக்கி வெட்டினால் பந்து மிதக்கும், அதுதான் பலரும் செய்யும் தவறு. 2001க்கு முன் விம்பிள்டன் புல் 70 சதவீதம் ரை, 30 சதவீதம் செந்நிற ஃபெஸ்க்யூ என்ற இரு புல் வகைகளின் கலவை. இப்போதைய முழு ரை புல்லைவிடப் பந்து தாழ்வாக வழுக்கும். அந்தத் தரையில் அந்த ஸ்லைஸ் கணுக்காலுக்கு மேல் எழாது. தோசியாவும் ஸ்லைஸ் அடித்து வலைக்கு வருகிறவர்தான், ஆகவே யார் முதலில் வலைக்குப் போவது என்பதே ஆட்டம்.

1990 முதல் பயிற்சியாளர் ஹானா மண்ட்லிகோவா. அவரும் 1981, 1986 இரண்டு முறை இதே இறுதியில் தோற்றவர். 1998இல் நொவோத்னாவுக்கு வெற்றித் தட்டை எடுத்துக் கொடுத்தது அதே கென்ட் சீமாட்டி.

வலையோரம்

ஃபெஸ்க்யூ விஷயம் சரி. ஆனால் 'கணுக்காலுக்கு மேல் எழாது' என்பது அதிகம். முழங்கால் என்று சொல்லுங்கள்.

செம்மண்

ஒரு கிளை விட்டுப்போனது. 2014இல் நொவோத்னாவின் அதே பிர்னோ ஊரைச் சேர்ந்த இளம் வீராங்கனை பர்போரா கிரெச்சிகோவா, பெற்றோருடன், கையில் ஒரு கடிதத்தோடு நொவோத்னா வீட்டுக் கதவைத் தட்டினார். நொவோத்னா அவரைப் பயிற்றுவித்தார்; 2017 நவம்பர் 19 அன்று, 49 வயதில், புற்றுநோயால் இறந்தார். கிரெச்சிகோவா 2021இல் பாரிஸ் வென்றார், ரூபினிடம் அந்த 5-0 கரைந்த அதே ரோலண்ட் காரோஸில். 2024இல் விம்பிள்டன், பவுலினியை 6-2, 2-6, 6-4. உள்ளே வெற்றியாளர் பலகையில் நொவோத்னா பெயர் இருக்கும் அதே வரிசையில் தன் பெயரைப் பார்த்து அழுதார்.

மூணாவது_செட்

அந்த 2024 இறுதியோட மூணாவது செட்டைப் போட்டுப் பாருங்க. 3-3, பவுலினி சர்வ், பிரேக் பாயிண்ட், அதாவது இதை விட்டா தன் சர்வ் கேமே போச்சு. டபுள் ஃபால்ட்.