கூத்துக்காரர், மேடைக்காரர், புதியவர்: மூவரையும் கமராவுக்கு முன் நம்பும்படி நடிக்க வைப்பது எப்படி?

பாலைப்பழம் எழுதியது:

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் 12 நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு ஒத்திகை தொடங்குகிறோம். ஒரு குசினி, மூன்று பாத்திரங்கள். அக்காவாக வருபவர் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்து, தமிழ்த்தினப் போட்டி மேடைகளில் நின்றவர். தம்பியாக வருபவர் முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடுகிறவர். அம்மா பாத்திரத்துக்கு அயலில் இருக்கும் ஒரு அம்மாவைக் கேட்டிருக்கிறோம். அவருக்கு நடித்த பழக்கமே இல்லை.

எழுத்துரு வாசிக்கும்போதே மூன்று பேரும் மூன்று வேறு படங்களில் நிற்கிறார்கள். அக்கா ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு முகம் வைத்திருக்கிறார். தம்பியின் குரல் குளக்கட்டைத் தாண்டுகிறது. அம்மா தேவாரம் ஒப்புவிப்பதுபோல் சொல்லி முடிக்கிறார். 'இயல்பாக நடியுங்கோ' என்றால் இன்னும் மோசமாகிறது.

ஸ்ரனிஸ்லவ்ஸ்கி, மெதட், மைஸ்னர் என்று நடிப்புப் பயிற்சி முறைகள் இணையத்தில் பலதும் கிடக்கிறது. எங்களுக்கு எது பொருந்தும்? பத்து மாலைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம் கையில் உண்டு. முக்கிய காட்சி இதுதான். அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறார். வங்கியில் ஈடு வைக்கத் தம்பி காணி உறுதி தேடி வருகிறான். அம்மா அறைக்குள் படுத்திருக்கிறார்.

தம்பி: அக்கா, உறுதி எங்க?
அக்கா: சாப்பிட்டியா?
தம்பி: உறுதியைக் கேட்டனான்.
அக்கா: புட்டு இருக்கு.
தம்பி: அம்மாட்டக் கேக்கட்டே?

கடைசியில் அம்மா எழும்பி வந்து, ஒன்றும் பேசாமல் உறுதியை எடுத்துக் கொடுத்துவிட்டு அழவேண்டும்.

மத்தளம் எழுதியது:

'இயல்பா நடி' எண்ட சொல்லை முதல்ல ஒத்திகையில இருந்து எடுத்துப்போடுங்கோ. அதைக் கேட்ட உடனை நடிகர் தன்னைத் தானே பாக்கத் தொடங்குவார். எதிரில நிக்கிற ஆளைப் பாக்கமாட்டார். கெடுகிற இடம் அதுதான்.

நீங்கள் சொன்ன முறையள் எல்லாம் ஒரே மனுசனிட்ட இருந்து பிரிஞ்சதுதான். 1898இல மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கின இரண்டு பேரில ஒருவரான ஸ்ரனிஸ்லவ்ஸ்கி, முதல்ல நடிகரின்ர சொந்த உணர்ச்சி நினைவில நிறைய நம்பிக்கை வைச்சார். கடைசிக் காலத்தில அதைப் பின்னுக்குத் தள்ளி, உடலால செய்யிற செயலை முன்னுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில லீ ஸ்ராஸ்பேர்க் அந்த முதல் பகுதியைப் பிடிச்சார், அதுதான் மெதட். ஸ்ரெல்லா அட்லர் 1934இல பரிசில ஸ்ரனிஸ்லவ்ஸ்கியை நேரில கண்டு படிச்சிட்டு வந்து, சொந்தத் துயரத்தைக் கிண்டத் தேவையில்லை, பாத்திரத்தின்ர சூழ்நிலையும் கற்பனையும் போதும் எண்டு ஸ்ராஸ்பேர்க்கோட முரண்பட்டா. சான்ஃபோர்ட் மைஸ்னர் எதிரில நிக்கிற ஆளில முழுக் கவனத்தையும் வைக்கச் சொன்னார். மூண்டில ஒண்டை எல்லாருக்கும் போடவேண்டாம். உங்கட மூண்டு பேருக்கும் மூண்டு வருத்தம்.

அக்காவில தொடங்குவம். போட்டி மேடையில நடுவர் கடைசி வரிசைக்கும் உணர்ச்சி தெரியவேணும் எண்டு பாப்பினம். அதால 'இந்த வசனம் கோபம், இந்த வசனம் கவலை' எண்டு குறிச்சு வைக்கிற பழக்கம் வந்திருக்கும். அந்தக் குறிப்பை அழிச்சு, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில ஒரு வினைச்சொல் எழுதச் சொல்லுங்கோ. மற்ற ஆளுக்குச் செய்யிற வினையா இருக்கவேணும். சோதிக்கிறது லேசு, முன்னுக்கு 'உன்னை' போட்டுப் பாருங்கோ. உன்னை மழுப்புறன், உன்னை வெருட்டுறன், உன்னைக் கெஞ்சுறன், எல்லாம் நிக்கும். 'உன்னைக் கவலையா இருக்கிறன்' நிக்காது. நிக்காத சொல்லை நடிக்கவும் ஏலாது.

உங்கட காட்சியையே எடுப்பம். அக்காவுக்கு என்ன வேணும்? அம்மா எழும்பமுதல் தம்பியை வெளியில அனுப்பவேணும். தம்பிக்கு என்ன வேணும்? உறுதி எங்க எண்டு அவவின்ர வாயால வரவைக்கவேணும். இப்ப 'சாப்பிட்டியா?' எண்டது மழுப்பல். தம்பி விடேல்லை. 'புட்டு இருக்கு' எண்டு திரும்பவும் மழுப்பினால் காட்சி செத்துப்போகும், ஏனெண்டால் தோத்த உத்தியை ஆரும் அதே மாதிரித் திருப்பிச் செய்யமாட்டினம். அங்க வினை மாறவேணும். கெஞ்சலாம், இல்லாட்டி எச்சரிக்கலாம். சொல் அதேதான், பாக்கிறவைக்கு வேற கேக்கும்.

அந்த மாற்றத்தைக் குரலில தேடாதேங்கோ, கையில வையுங்கோ. திருவலையில பாதித் தேங்காய். முதல் கேள்விக்குத் திருவல் நிக்கக்கூடாது, அவ நிமிரவும் கூடாது. 'உறுதியைக் கேட்டனான்' எண்டதுக்குக் கை ஒருக்காத் தப்பவேணும். 'அம்மாட்டக் கேக்கட்டே' எண்டதுக்குத்தான் முழுசா நிண்டு, கண் முதல்ல அறை வாசலுக்குப் போய்ப் பிறகு தம்பியிட்ட வரவேணும். இவ்வளவும் செய்தால் முகத்தில ஒண்டும் போடத் தேவையில்லை. ஒத்திகைக்கு உண்மையான தேங்காய் குடுங்கோ. வெறுங்கையால பழகினால் படப்பிடிப்பு அண்டு கை புதிசா வேலை பழகும், வசனம் தடுமாறும்.

அடுத்தது தம்பி. அவரிட்ட இருக்கிறது குறை இல்லை. வட்டக்களரியில நாலு பக்கமும் சனம், விடிய விடிய ஆட்டம், பாட்டு, அந்த மூச்சும் உடம்பும் மற்ற இரண்டு பேரிட்டயும் இல்லை. வரவுத் தருவோட, அதாவது பாத்திரம் களரிக்கு வரேக்க பாடுற பாட்டோட, 'நான் இன்னார்' எண்டு சபைக்குச் சொல்லிக்கொண்டு வாறதுதான் கூத்தின்ர முறை. குசினிக்குள்ள வாறவனுக்குச் சபை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். 'குறைச்சுச் செய்' எண்டால் அவர் குரலை விழுங்குவார், சக்தியும் சேர்ந்து போகும். 'அறையில அம்மா படுத்திருக்கிறா, எழும்பினால் காரியம் கெட்டுது, ஆனால் அக்காவுக்குக் கேக்கவேணும்' எண்டு நிலைமையைக் குடுங்கோ. குரல் தானா இறங்கும், அவசரம் இறங்காது.

கூத்துக்காரர் வெளியில இருந்து உள்ளுக்குப் போறவை. அவைக்கு, ஸ்ரனிஸ்லவ்ஸ்கியிட்டப் படிச்ச நடிகர் மைக்கேல் செக்கோவின்ர உளச் சைகை எண்ட பயிற்சி நல்லாப் பிடிபடும். பாத்திரத்தின்ர ஆசையை உடம்பு முழுக்க ஒரு பெரிய அசைவாச் செய்யவேணும். தம்பிக்கு, ஆழத்தில கிடக்கிற பாரத்தை இரண்டு கையாலயும் இழுத்து நெஞ்சோட சேர்க்கிற அசைவு. நாலைஞ்சு தரம் முழு வலுவோட, காலை அகட்டி. பிறகு பாதி அளவில. பிறகு உடம்பை அசைக்காமல் உள்ளுக்குள்ள மட்டும். அது அடங்கமுதல் வசனத்தைச் சொல்லவேணும். ஆட்டக்காரர் இதை ஒரு மாலையிலயே பிடிச்சிடுவினம். பிழைக்கிற இடம், பெரிய அசைவின்ர மிச்சம் தோளிலயும் தாடையிலயும் தங்கிறது. கமராவில வெறும் இறுக்கமாத் தெரியும். வசனத்துக்கு முதல் மூச்சை வெளியில விடச்சொல்லுங்கோ.

ஊர்க்குருவி எழுதியது:

மத்தளம் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் அந்த அம்மாவின் அழுகைக்கு ஸ்ராஸ்பேர்க்கின் முறையை ஏன் ஒதுக்கவேண்டும்? உணர்ச்சி நினைவு என்றால் 'உன் சோகத்தை நினை, அழு' என்பதல்ல. அந்த நேரத்தில் கையில் இருந்த பொருளின் சூடு, அறையின் மணம், உடுத்திருந்த துணியின் சொரசொரப்பு என்று புலன்களை ஒவ்வொன்றாக மீட்டால் உணர்ச்சி தானாக வரும். குறைந்தது ஏழு வருடம் பழைய நினைவையே எடுக்கவேண்டும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். முறையாகச் செய்தால் வேறு எதிலும் கிடைக்காத உண்மை கிடைக்கும்.

மத்தளம் எழுதியது:

ஊர்க்குருவி, புலன் பயிற்சியை நான் ஒதுக்கேல்லை. வெயில், தாகம், திருவலையில இருந்து எழும்பேக்க வாற இடுப்பு நோ, இதுகளுக்கு அதுதான் நல்ல வழி. ஆனால் ஏழு வருசக் கணக்கு வன்னியில பொருந்தாது. 2009 முடிஞ்சு கன வருசம் எண்டு நாங்கள் எண்ணலாம், அந்த அம்மாவின்ர உடம்பு எண்ணாது. பயிற்சி இல்லாத ஒராளை அங்க இறக்கிவிட்டு, 'கட்' சொன்னதும் ஏறி வா எண்டு சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை.

தொழில் கணக்கிலயும் நட்டம். முதல் ரேக்கில, அதாவது முதல்தரம் எடுக்கேக்க, வாற அழுகை நாலாம் ரேக்கில வராது. அதோட தன்ர நினைவுக்குள்ள போன நடிகர் எதிரில நிக்கிற மகனைப் பாக்கமாட்டார். காட்சியில வேண்டியது மகனைப் பாக்கிற அம்மா.

கமராக்கண் எழுதியது:

கமராப் பக்கத்தில இருந்து சில விசயம்.

அண்மைக் காட்சியில் நடிகர் எதிராளியின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் கருமணி அங்கும் இங்கும் ஓடும். பொய் சொல்பவர் போலத் தெரியும். கமராவுக்குக் கிட்ட இருக்கும் ஒரு கண்ணை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எதிராளியை கமராவை ஒட்டியே நிறுத்துங்கள். தள்ளி நின்றால் படத்தில் நடிகரின் பக்கமுகம்தான் மிஞ்சும். அவர் படத்தில் இல்லாவிட்டாலும் வசனத்தை அவரே முழுமையாகச் சொல்லவேண்டும். உதவியாளர் தாளைப் பார்த்து வாசித்தால் பதில் நடிப்பு வராது.

கேட்கும் முகம்தான் வெட்டுக்குப் பயன்படும். மேடைப் பழக்கம் உள்ளவர்கள் தங்கள் முறை வரும்வரை ஓய்ந்து நிற்பார்கள். படத்தொகுப்பில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும்.

மத்தளம் சொன்ன திருவல் நிற்கும் இடங்களை எழுத்துருவில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ரேக்கிலும் அதே சொல்லில் கை நிற்காவிட்டால் அகலக் காட்சியும் அண்மைக் காட்சியும் ஒட்டாது. தேங்காய்ப் பாதிகளைத் தாராளமாக எடுத்து வையுங்கள். ரேக் தொடங்கும்போது தாம்பாளத்தில் இருக்கும் தேங்காய்ப்பூவின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும்.

வசனம்: மனப்பாடம் செய்யும்போது ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், முற்றம் கூட்டிக்கொண்டோ நடந்துகொண்டோ வெறுமையாகப் பாடமாக்கச் சொல்லுங்கள். மைஸ்னர் வற்புறுத்தியது இதைத்தான். வீட்டில் கண்ணாடி முன்னால் பழகி வரும் தொனி ஒருமுறை ஒட்டினால் பிறகு கழுவ முடியாது. இந்தியப் படத்தின் பேச்சு எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். உணர்ச்சி ஏறும் இடத்தில்தான் அது வரும்.

பாலைப்பழம் எழுதியது:

மத்தளம் அண்ணை, கமராக்கண், ஊர்க்குருவி, மூவருக்கும் நன்றி. மைஸ்னரின் திருப்பிச் சொல்லும் பயிற்சியை அக்கா, தம்பி இருவருக்கும் கொடுக்கலாமா? அம்மாவை என்ன செய்வது? அழுகையும் அப்படியே நிற்கிறது.

மத்தளம் எழுதியது:

திருப்பிச் சொல்லுறதைக் கட்டாயம் குடுங்கோ. அவை இரண்டு பேரும் இரண்டு உலகம். கதிரையை முழங்கால் முட்டாத அளவுக்கு எதிரெதிரா வைச்சு இருத்துங்கோ. ஒராள் மற்றவரில கண்ணுக்குத் தெரியிறது ஒண்டைச் சொல்லவேணும்: 'சேட்டில ஒரு தெறி இல்லை.' மற்றவர் 'என்ர சேட்டில ஒரு தெறி இல்லை' எண்டு திருப்பவேணும். அப்பிடியே போய்க்கொண்டு இருக்கும். வேறேதும் மாறினால், சிரிச்சால், கண்ணை எடுத்தால், அதைச் சொல்லவேணும்: 'சிரிக்கிறாய்.' 'ஓம், சிரிக்கிறன்.' ஐஞ்சு நிமிசம், கூடினால் பத்து.

இது கெடுகிறது இரண்டு விதம். ஒண்டு, சுவாரசியமாக்க வேணும் எண்டு தொனியைத் தாங்களா மாத்திறது. அக்கா அதைச் செய்வா, பாருங்கோ. உடனை நிப்பாட்டித் திரும்பத் தொடங்குங்கோ. மற்றது, கேக்காமல் வாய் மட்டும் ஓடுறது. அதுக்கு மருந்து, இடையில சும்மா இருக்க விடுறது. சொல்ல ஒண்டும் இல்லாட்டிச் சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டு மாலையும் இது போதும். மூண்டாம் மாலையில இருந்து எழுத்துரு இல்லாமல், 'உறுதி வேணும், தரமாட்டன்' எண்டு சொந்தச் சொல்லில. ஐஞ்சாம் மாலைக்குப் பிறகுதான் எழுதின வசனம். கடைசி இரண்டும் படம் எடுக்கிற அதே குசினியில.

அம்மாவுக்கு எழுத்துருவைக் காட்டவே வேண்டாம். கதையைச் சொல்லுங்கோ, என்ன நடக்குது எண்டு விளங்கட்டும். அவவுக்குக் கட்டளை வேலையாத்தான் போகவேணும்: பாயில இருந்து எழும்பு, பெட்டியைத் திற, சேலை மடிப்புக்குக் கீழ இருக்கிற உறையை எடு, மகன்ர கையில குடு, பிறகு பெட்டியைப் பூட்டு. பெட்டி அவவின்ர சொந்தப் பெட்டியா இருந்தால் இன்னும் நல்லது, பூட்டின்ர குணம் கைக்குத் தெரியும். கமரா ஓடத் தொடங்கின உடனை 'அக்சன்' எண்டு கத்தாதேங்கோ, தலையாட்டினால் காணும். ஒத்திகை எண்டு சொன்னதையும் எடுத்து வையுங்கோ. ஆனால் 'ஒத்திகையையும் எடுப்பம்' எண்டு முதலே அவவிட்டச் சொல்லிப்போட்டு.

1940களில இத்தாலியர் நடிகர் இல்லாத சனத்தை வைச்சுப் படம் எடுத்து, குரலைப் பிறகு சேர்த்தவை. நீங்கள் அதைப் பின்பற்றவேண்டாம். பழக்கமில்லாதவையைக் குரல் பதியுற அறையில இருத்தி உதட்டுக்கு ஒட்டப் பேச வைக்கிறது நடிக்க வைக்கிறதிலும் கஷ்டம். ஏதும் பேசினால் களத்திலயே பதியுங்கோ.

அழுகை எண்டு எழுத்துருவில போட்டதை வெட்டுங்கோ. அழப்போற மனுசர் அழாமல் இருக்கத்தான் பாடுபடுவினம். உறையைக் குடுத்த பிறகு பெட்டி பூட்டு இரண்டு தரம் விழமாட்டன் எண்டுது, மூண்டாந்தரம் விழுகுது. அதுக்கிடையில மகன் வெளியில போயிட்டான், அவ திரும்பிப் பாக்கேல்லை. பாக்கிறவை அழுவினம். கட்டாயம் கண்ணீர் வேணும் எண்டு நிண்டால் கிளிசரின் இருக்கு, மெந்தோலைக் கண்ணுக்குக் கீழ தோலில பூசலாம், கண்ணுக்குள்ள போகாமல். அவ சம்மதிச்சால் மட்டும்.

கமராக்கண் எழுதியது:

பூட்டு யோசனைக்கு அண்மைக் காட்சி ஒன்று தனியாக எடுத்து வையுங்கள், சத்தத்தோடு. திருவல் சத்தம் வசனத்தின் மேல் ஏறும். திருவலைக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டால் நிலத்தால் வரும் அதிர்வு குறையும். மற்றபடி வசனத்துக்கு இடையில் திருவி, சொல்லும்போது கையை மெதுவாக்கச் சொல்லுங்கள். வெறும் திருவலை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிந்தால் தொகுப்பில் இடைவெளியை நிரப்பலாம். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை வெளிச்சமும் சூடும் தோது. ஆனால் வயலுக்குப் போகும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடும். தெருப்பக்க யன்னலைச் சாத்தி, கோடிப்பக்க வாசலால் வெளிச்சம் எடுங்கள்.