உதவி தேவை: லித்தியம் பேட்டரி மாற்றிய பிறகு உதகைக் குளிரில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

தலைக்குந்தா_ஓட்டி (சனி, காலை 7.10)

அனைவருக்கும் வணக்கம். அக்டோபரில் பழைய பேட்டரியை எடுத்துவிட்டு எடை குறைந்த லித்தியம் பேட்டரி போட்டேன். டிசம்பர் வரை எந்தக் குறையும் இல்லை. உறைபனி விழத் தொடங்கியதிலிருந்து, காலையில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. மீட்டரில் கடிகாரம் 12.00-க்குத் திரும்பிவிடுகிறது. பத்து மணிக்கு வெயில் ஏறிய பிறகு அதே வண்டி எந்தத் தயக்கமும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி புதியது என்பதால் அதில் பழுது இருக்க வாய்ப்பில்லை. இன்று கோத்தகிரி வரை போக வேண்டும், விரைவாக யாராவது வழி சொல்லுங்கள்.

கொங்கு_பயணி (7.24)

நண்பரே, என்ன வண்டி? பேட்டரி எத்தனை ஆம்பியர் (அதாவது ஆம்பியர் மணி, எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு)? கிக்கர் உண்டா? இரவில் வண்டி திறந்த வெளியில் நிற்கிறதா, கொட்டகையிலா? ஸ்டார்ட்டரை அழுத்துவதற்கு முன்பும் அழுத்தும்போதும் வோல்ட் எவ்வளவு காட்டுகிறது? இவற்றைச் சொல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

பட்டறை_மாமா (7.41)

தம்பி, பேட்டரியைத் தொடுவதற்கு முன் எர்த் வயரைப் பார். இந்த லித்தியம் பேட்டரிகள் பழையதைவிடச் சிறியவை என்பதால், பெட்டிக்குள் ஆடாமல் இருக்க நுரைக்கட்டைகளை அடியிலும் பக்கத்திலும் வைத்துத்தான் உட்கார வைப்பார்கள். உயரம் மாறும்போது வயர் இழுபட்டு நிற்கும். டெர்மினலில் உள்ள சிறிய போல்ட் இரண்டு மாத அதிர்விலேயே தளர்ந்துவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட்டர் அழுத்தச் சொல். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் வயரில் இருக்கிறது. என் பட்டறைக்கு ‘பேட்டரி போய்விட்டது’ என்று வருகிற வண்டிகளில் பல இந்த ஒரு போல்ட்டை இறுக்கியதும் திரும்பிப் போயிருக்கின்றன.

நீலமலை_எண்ணெய் (8.02)

இன்ஜின் ஆயில் என்ன தரம் என்பதையும் சொல்லுங்கள். டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டியாகும் என்பதைக் குறிக்கிறது. சமவெளியில் பழகியவர்கள் 20டபிள்யூ50 ஊற்றிக்கொண்டு மலையேறுகிறார்கள். உறைபனிக் காலையில் அந்த ஆயிலைக் கிளறிக்கொண்டு கிராங்க் சுற்றுவதற்கே ஸ்டார்ட்டருக்குப் பாதி வலு போய்விடுகிறது. பேட்டரி மாற்றியதும் குளிர் வந்ததும் ஒரே சமயத்தில் நடந்ததால், உங்கள் கவனம் பேட்டரிமீது மட்டுமே விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூத்த_ஓட்டுநர் (8.30)

இதே கேள்விக்கு இங்கே ஒவ்வொரு மார்கழியிலும் பதில் எழுதி வருகிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் புதியவர்களிடம் இல்லை. லித்தியம் பேட்டரி பந்தய வண்டிக்காக வந்தது. டுகாட்டி பனிகாலே வி4 எஸ் போன்ற வண்டிகளில் கம்பெனியே அதைப் பொருத்தித் தருகிறது என்றால், அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டியில் 2 கிலோவைக் குறைத்து நீங்கள் என்ன சாதிக்கப் போகிறீர்கள்? பழைய ஈய அமில பேட்டரியைத் திரும்பப் போடுங்கள், இழை முடிந்தது.

தலைக்குந்தா_ஓட்டி (பகல் 1.15)

மன்னிக்கவும், அவசரத்தில் விவரங்களை விட்டுவிட்டேன். வண்டி 2019 ஹிமாலயன் 411, கிக்கர் கிடையாது. ஆயில் கையேட்டில் உள்ளபடி 15டபிள்யூ50தான். பேட்டரியின் மேல் 12 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பழையது 8 ஆம்பியர்தான், ஆகவே இது அதைவிடப் பெரியது. இரவில் வண்டி வாசலில் திறந்த வெளியில் நிற்கிறது. இன்று காலை சீட்டின் மேல் படிந்திருந்த உறைபனியை நகத்தால் சுரண்டி எடுத்தேன். கடைசியில் இறக்கத்தில் உருட்டி மூன்றாவது கியரில் கிளட்சை விட்டுத்தான் கிளப்பினேன். மல்டிமீட்டர் என்னிடம் இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன்.

ரொறன்ரோ_சிவா (பிற்பகல் 2.05)

தம்பி, நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்து, மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது வழக்கம். ஏப்ரல் மாதத்தில் 2, 3 பாகைக் குளிரில் முதல் ஓட்டம் ஓடும்போது உங்களுக்கு நடந்த அதே அனுபவம் எனக்கும் நடந்திருக்கிறது. குளிரில் மின்கலத்துக்குள் இருக்கும் திரவம் தடித்து, லித்தியம் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது. அதனால் உள் மின்தடை கூடி, ஸ்டார்ட்டர் ஒரேயடியாகப் பெரிய மின்னோட்டத்தைக் கேட்கும்போது வோல்ட் சரிந்துவிடுகிறது. பழுது என்று பயப்பட வேண்டாம். ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டால் மின்கலம் உள்ளிருந்தே சூடேறி விழித்துக்கொள்ளும். என்னுடைய மின்கலத்தோடு வந்த தாளிலும் இப்படித்தான் எழுதியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் மின்கலத்தில் மின்னேற்றினால், உள்ளே இருக்கும் கிராஃபைட் மின்முனைக்குள் நுழைய முடியாத லித்தியம், அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. உருட்டிக் கிளப்பிய உடனேயே ஆல்ட்டர்னேட்டர் மின்னேற்றத் தொடங்கும் என்பதால், உறைபனிக் காலையில் அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

கணக்கன்_திருச்சி (2.40)

சிவா அண்ணா சொன்ன காரணம் சரி, ஹெட்லைட் வைத்தியத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 55 வாட் பல்பு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கிறது. ஸ்டார்ட்டர் 80 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 16 மடங்கு மின்னோட்டம், 256 மடங்கு வெப்பம். ஆக, சூடேற்றுவதுதான் நோக்கம் என்றால் ஸ்டார்ட்டரை மூன்று நான்கு விநாடி அழுத்தி, அரை நிமிடம் விட்டு, மறுபடி அழுத்துவதே வழி. ஹெட்லைட் பேட்டரியைச் சூடேற்றுவதைவிட விரைவாகக் காலி செய்யும்.

ரொறன்ரோ_சிவா (3.10)

கணக்கு எனக்கும் தெரியும், ஆனால் ஐந்து வருடமாக அது எனக்கு வேலை செய்திருக்கிறது. குளிரில் மின்கலத்தின் தடை பலமடங்கு கூடிவிடுவதால், சிறிய மின்னோட்டமே போதிய மாற்றத்தை உண்டாக்குகிறது. தயாரித்தவன் தாளில் அச்சடித்து ஒரு வழி சொல்லும்போது, அதைச் சோதிக்காமலா சொல்லியிருப்பான்?

கணக்கன்_திருச்சி (3.22)

தடை மூன்று மடங்கு கூடினாலும் 256 என்ற விகிதம் மாறாது, அண்ணா. இரண்டுக்கும் தடை ஒன்றுதானே. உங்களுக்கு வேலை செய்தது உண்மைதான். ஆனால் முதல் முறை அழுத்தித் தோற்றபோதே மின்கலம் விழித்திருக்கும், ஹெட்லைட்டுக்குப் பெயர் போயிருக்கும்.

கொங்கு_பயணி (3.35)

இந்த விவாதத்துக்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கப்படும் இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் விளக்கு எரியும். பாஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும். எல்இடி விளக்கு உள்ள புதிய வண்டிகளில் 55 வாட்டும் இருக்காது.

மூத்த_ஓட்டுநர் (4.00)

இத்தனை நிமிடம் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய ஒரு பொருளை ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கைப்பேசி பேட்டரிகள் வெடிப்பதைச் செய்தியில் பார்த்தும் அதையே தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு போகிறார்கள். அடிப்படை தெரியாதவர்களுக்கு விளக்கி எனக்குச் சலித்துவிட்டது.

நெய்வேலி_மின்னியல் (மாலை 5.15)

ஐயா, கைப்பேசியில் பெரும்பாலும் இருப்பது கோபால்ட் சேர்ந்த வேறு வகை. மோட்டார் சைக்கிளுக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்எனஃப் குழுவினர் வெளியிட்ட வேதியியல் அது. சூடேறினாலும் எளிதில் ஆக்சிஜனை விடாது என்பதே அதன் சிறப்பு. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை, மின்னேற்றும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து ஏறினால் இதுவும் கெடும். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் கேள்வி கேட்டவரைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

தலைக்குந்தா நண்பருக்கு ஒரு கேள்வி. பேட்டரியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் வாட் ஹவர் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும்; விமானத்தில் அனுப்புவதற்காக அதைக் குறிப்பிடுவார்கள். அது எவ்வளவு? மேலே பெரிதாகப் போட்டிருக்கும் 12 ஆம்பியர் என்பது, ‘இத்தனை ஆம்பியர் ஈய பேட்டரிக்கு ஈடாக ஸ்டார்ட்டரைச் சுற்றும்’ என்று விற்பவர்கள் சொல்லும் ஒப்பீட்டு எண்ணாக இருக்கலாம். உண்மையில் எவ்வளவு மின்சாரம் சேமித்து வைத்திருக்கிறது என்பதற்கு வாட் ஹவரை இவ்வகை பேட்டரியின் பெயரளவு வோல்ட்டான 12.8-ஆல் வகுத்துப் பாருங்கள். வண்டியில் கூடுதலாக ஏதாவது மின்கருவி பொருத்தியிருக்கிறீர்களா, வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தலைக்குந்தா_ஓட்டி (ஞாயிறு, காலை 8.20)

இன்று எர்த் போல்ட்டை இறுக்கிப் பார்த்தேன், தளர்வாக இல்லை. ஓட்டாமல் நின்ற காலை நேரத்தில் வோல்ட் 12.9 இருக்கிறது, ஆகவே பேட்டரி முழு சார்ஜில்தான் உள்ளது. ஸ்டிக்கரில் 48 வாட் ஹவர் என்று இருக்கிறது. வார நாட்களில் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன், வண்டியை சனி, ஞாயிறு மட்டுமே எடுப்பேன். நேற்றும் இறக்கத்தைத் தாண்டியதும் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு பேருந்தில்தான் போனேன். ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்று உண்டு, அது இரண்டு வருடமாகவே இருக்கிறது என்பதால் சொல்லவில்லை.

பட்டறை_மாமா (8.45)

12.9 நல்ல அளவுதான் தம்பி. அப்படியென்றால் ஸ்டார்ட்டர் ரிலேயைப் பார்.

நெய்வேலி_மின்னியல் (9.30)

மாமா, ஈய பேட்டரியில் 12.7 இருந்தாலே அது நிறைந்திருக்கிறது என்று பொருள். இரும்பு பாஸ்பேட் பேட்டரி நிறைந்திருக்கும்போது ஓய்வில் 13.3 அளவில் நிற்க வேண்டும், 12.9 என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். பழைய பழக்கத்தில் மீட்டரைப் படிக்கும் எல்லோரும் ஏமாறும் இடம் இது.

48-ஐ 12.8-ஆல் வகுத்தால் 3.75. உங்கள் புதிய பேட்டரி 12 ஆம்பியர் மணி அன்று, நான்குகூட இல்லை. பழைய 8-ஐவிடப் பாதிக்கும் குறைவு. டிராக்கர் எவ்வளவு இழுக்கிறது என்று பேட்டரி வயரில் மல்டிமீட்டரைத் தொடராகக் கோத்து அளக்கச் சொல்லுங்கள். 25 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.6, திங்கள் முதல் வெள்ளி வரை 3 ஆம்பியர் மணி போய்விடும். பழைய பேட்டரியில் அதற்குப் பிறகும் 5 மிஞ்சியிருக்கும், ஆகவே இரண்டு வருடமாக உங்களுக்கு அது தெரியவே இல்லை. இதில் மிஞ்சுவது 0.75. அக்டோபரில் அந்த மிச்சமே ஸ்டார்ட்டரைச் சுற்றப் போதுமானதாக இருந்தது. இப்போது உறைபனியில் தடை கூடியதும் அது போதவில்லை.

கணக்கன்_திருச்சி (9.50)

அந்த 0.75-இல் ஹெட்லைட்டை ஐந்து நிமிடம் எரித்திருந்தால் 0.4-க்கு மேல் அதிலேயே போயிருக்கும். சிவா அண்ணாவின் வழி நிறைந்த பேட்டரிக்கானது. இவருடைய பேட்டரியில் அதைச் செய்திருந்தால் உருட்டிக்கூடக் கிளப்ப முடிந்திருக்காது, ஏனென்றால் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் பம்புக்கும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கும் மின்சாரம் வேண்டும்.

ரொறன்ரோ_சிவா (10.15)

அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். என்னுடைய மோட்டார் சைக்கிளில் நிறுத்திய பிறகு எதுவும் மின்சாரம் இழுக்காது, அதனால் இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. தம்பி, மின்கலம் ஒரு கிலோகூட இல்லை. வெள்ளி இரவு கழற்றி வீட்டுக்குள் எடுத்துவைத்து, காலையில் பொருத்திப் பாருங்கள்.

நெய்வேலி_மின்னியல் (10.40)

அத்துடன், டிராக்கருக்குத் தனி சுவிட்ச் வையுங்கள், அல்லது வார நடுவில் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். சார்ஜர் லித்தியத்துக்கானதாக இருக்க வேண்டும். ஈய பேட்டரியின் சல்ஃபேட்டை நீக்கும் துடிப்பு முறை உள்ள பழைய சார்ஜரை எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள், அந்தத் துடிப்பின் உயர் வோல்ட் இதற்கு ஆகாது. குளிர்ந்து கிடக்கும் பேட்டரியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.

தலைக்குந்தா_ஓட்டி (அடுத்த சனி, காலை 6.50)

டிராக்கர் 22 மில்லி ஆம்பியர் இழுத்தது. புதன்கிழமை சார்ஜ் செய்து, நேற்று இரவு பேட்டரியை சமையலறையில் வைத்திருந்தேன். இன்று முதல் அழுத்தலிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது, கடிகாரமும் மாறவில்லை. அனைவருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

பட்டறை_மாமா (7.30)

நல்லது தம்பி. பொருத்தும் முன் வோல்ட் எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிட்டுப் போ, நானும் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

கொங்கு_பயணி (ஞாயிறு, மாலை 6.05)

கழற்றாமல் வெளியிலேயே விட்டு ஒரு காலை முயன்றீர்களா? நிறைந்த பேட்டரி அந்த உறைபனியில் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் தெரிய வேண்டியிருக்கிறது.