மார்பகப் புற்றுநோயில் அக்குள் நிணநீர்க் கணுவைத் தொடாமல் விட்ட பிறகு கட்டி தரம் 3 (வேகமாக வளரும் வகை) என்று வந்தால்?

மார்பக அறுவை, கதிர்வீச்சு, நோயியல் துறையினர் யாராவது வழி சொல்லுங்கள்.

வயது 50 அல்லது அதற்கு மேல், மாதவிடாய் நின்றவர். கட்டி 2 செ.மீ.க்குள், தரம் 1 அல்லது 2, ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 (கட்டி வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) நெகட்டிவ். அக்குள் அல்ட்ராசவுண்டில் சந்தேகக் கணு இல்லை. மார்பகத்தைக் காக்கும் அறுவை. இவர்களுக்கு 2025 ஆஸ்கோ (அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம்) வழிகாட்டுதலை ஒட்டி, காவல் கணு பயாப்ஸியை (புற்று முதலில் பரவக்கூடிய அக்குள் கணுவை எடுத்துச் சோதிப்பதை) தவிர்க்கலாம். இந்தப் பயாப்ஸியை விட்டுப் பார்த்த சவுண்ட், இன்செமா ஆய்வுகளுக்குப் பிறகு அதில் தயக்கமில்லை. கை வீக்கமும் தோள் இறுக்கமும் குறைவதே பெரிய லாபம்.

சிக்கல் இறுதி அறிக்கையில்தான். ஊசி பயாப்ஸியில் தரம் 2. எடுத்த கட்டியில் தரம் 3, அல்லது அளவு 2.6 செ.மீ. மறுபடி மயக்க மருந்து கொடுத்துக் காவல் கணுவைத் தேடுகிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா? கட்டியை மட்டும் எடுத்திருந்தால், காவல் கணுவைக் காட்டும் சாயம் பெரும்பாலும் அக்குளுக்குப் போய்ச் சேரும். முழு மார்பகத்தையும் எடுத்தபின் அந்தப் பாதையே இருக்காது. ஆகவே மாஸ்டெக்டமியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

புற்று பரவிய கணு எண்ணிக்கை தெரியாமல் அபெமாசிக்ளிப் (அந்த எண்ணிக்கையையும் பார்த்துத் தரும் புற்றுநோய் மாத்திரை) முடிவை எப்படி எடுக்கிறீர்கள்? பகுதி மார்பகக் கதிர்வீச்சு போதுமா? சவுண்ட், இன்செமா ஆய்வுகளில் பெரும்பாலோர் முழு மார்பகக் கதிர்வீச்சு பெற்றவர்கள் என்பதால்தான் கேட்கிறோம்.

உங்கள் குழு எழுதிவைத்திருக்கும் விதிமுறை இருந்தால், அளவு வரம்போடு அப்படியே பதிலில் போடுங்கள்.